சினம் தணிதலும் சரீர சுகமும்

கோபம் கொண்டவனுடைய கண் சிவப்பதும், மூச்சு முட்டுவதும், கை நடுங்குவதும் எல்லாரும் கண்டறிந்த சங்கதிகளே. ஆனால், அக் கோபத்துக்குக் காரணமாயிருந்த தீங்கு நடந்து முடிந்து, அதைச் செய்தவன் எங்கோ போய்ச் சேர்ந்து, ஆண்டுகள் பல கழிந்த பின்னரும், அத் தீங்கை நெஞ்சிலே வைத்து நாள்தோறும் எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவருடைய இருதயத்திலும் இரத்தக் குழாய்களிலும் என்ன நிகழ்கிறது என்பதை விஞ்ஞானிகள் முறையாக ஆராயத் தொடங்கியது கடந்த நாற்பது ஆண்டுகளுக்குள்ளேதான். திருவள்ளுவர் பொறையுடைமையை இல்லறவியலிலும் வெகுளாமையைத் துறவறவியலிலும் வைத்து இரண்டு அதிகாரங்கள் செய்தார். சமய நூல்கள் யாவும் மன்னித்தலைப் புண்ணியத்தின் கணக்கிலே சேர்த்தன. அந்தக் கணக்கை மறுக்காமலே, இன்றைய உடற்றொழிலியல் அதன் பக்கத்தில் இன்னொரு கணக்கையும் எழுதி வருகிறது: பொறுத்தவருடைய குருதியமுக்கம் எவ்வளவு, பொறுக்க இயலாதவருடையது எவ்வளவு என்பது அக் கணக்கு.

இதனை எந்த ஊரிலிருந்து வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் கனம் வேறுபடும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை என்று வழங்கும் வயற் பிரதேசத்திலே, தான்தோன்றீசுவரர் ஆலயத்தைச் சூழ அமைந்தது கொக்கட்டிச்சோலை. கோயிலை இடிக்க வந்த பறங்கியர் முன்னிலையில் கல் நந்தி எழுந்து புல்லைத் தின்றது என்னும் ஐதிகத்தாலும், ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கும் தேரோட்டத்தாலும் பெயர்பெற்ற இவ்வூருக்கு, 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, மண்முனைத் துறையிலே ‘பாதை’ என்னும் மிதவை ஏறி வாவியைக் கடந்தே பலரும் போய் வந்தனர். இந்த ஊரின் பெயரை வெளியுலகம் அறிந்ததற்கு வேறு காரணமும் உண்டு. 1987 ஜனவரி 28 இல் மகிழடித்தீவு இறால் பண்ணையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். 1991 ஜூன் 12 இல், கண்ணிவெடியொன்றில் இராணுவத்தினர் இருவர் இறந்ததைத் தொடர்ந்து, படையினர் கிராமங்களுக்குள் புகுந்து மக்களைக் கொன்றனர். பின்னர் ஜனாதிபதியால் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு, இறந்தோர் தொகை 67 எனக் கண்டது. இவ்விரு நாட்களும் இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றன. இத்தகையதோர் ஊரிலே வந்து நின்று, மன்னித்துவிடுங்கள், அது தேகாரோக்கியத்துக்கு நல்லது என்று ஒருவர் உபதேசிப்பாராயின், அவருடைய நோக்கம் யாதோ என்று கேட்போர் ஐயுறுவது முற்றிலும் நியாயமே. ஆதலின், விஞ்ஞானம் இவ்விஷயத்தில் உண்மையாகவே சொல்வது எது, அதன் பெயரால் பிறர் சொல்வது எது என்று பிரித்தறிதல் அவசியமாகிறது.

முதலில் உடம்பின் காரியத்தைப் பார்ப்போம். அபாயம் ஒன்று எதிர்ப்படும்போது, மூளையின் அடிப்பகுதியிலுள்ள பரிவகக்கீழ் இரண்டு மார்க்கங்களால் உடம்பை எழுப்புகிறது. முதல் மார்க்கம் பரிவு நரம்புத் தொகுதி, அதன் தூண்டுதலால், சிறுநீரகங்களின்மேல் அமைந்த அதிரீனற் சுரப்பிகள் கணப்பொழுதில் அதிரினலினைக் குருதியிற் கலக்க, இருதயத் துடிப்பு விரைகிறது, தோலிலும் குடலிலுமுள்ள குருதிக் குழாய்கள் ஒடுங்குகின்றன, ஈரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோசை வெளியிடுகிறது, சமிபாடு தடைப்படுகிறது. இரண்டாம் மார்க்கத்தில், பரிவகக்கீழ் கபச்சுரப்பியைத் தூண்ட, கபச்சுரப்பி அதிரீனற் சுரப்பிகளைத் தூண்ட, சில நிமிஷங்களுக்குள் கோட்டிசோல் என்னும் ஓமோன் குருதியில் உயர்ந்து, உடம்பை நெடுநேரப் போராட்டத்துக்கு ஆயத்தம் செய்கிறது. எதிர்த்து நிற்றலுக்கும் தப்பி ஓடுதலுக்கும் ஒருங்கே உதவும் இவ்வேற்பாட்டை அமெரிக்க உடற்றொழிலியலாளர் வால்டர் கனன் 1915 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிலே விளக்கினார். அபாயம் நீங்கியதும் பரபரிவு நரம்புத் தொகுதி மேலோங்கி, எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்புகிறது. அவ்வாறு திரும்புதல்தான் ஆரோக்கியத்தின் இலட்சணம்.

சினம் இருதயத்தைத் தாக்கும் என்பதற்கு வைத்திய சரித்திரத்திலே பிரசித்தமான ஓர் உதாரணம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த பெயர்பெற்ற சத்திர வைத்தியர் ஜோன் ஹண்டர், நெஞ்சு நோவினால் நெடுங்காலம் வருந்தியவர். தமக்கு எரிச்சலூட்ட நினைக்கும் எந்தப் போக்கிரியின் கையிலும் தம் உயிர் இருக்கிறது என்று அவர் சொல்வதுண்டாம். 1793 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், தாம் பணிபுரிந்த வைத்தியசாலையில் நடந்த கூட்டமொன்றில் எழுந்த வாக்குவாதத்தை அடுத்து அவர் சரிந்து வீழ்ந்து இறந்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1995 இல், மாரடைப்புக்கு ஆளான 1,623 பேரை விசாரித்து மிற்றில்மான் என்பவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி, கடுஞ்சினத்துக்குப் பிந்திய இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு நேரும் அபாயம் இரு மடங்குக்கு மேல் உயர்கிறது என்று காட்டிற்று. 2024 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டைச்சி ஷிம்போ குழுவினர் இன்னும் நுணுக்கமாகச் சென்றனர். ஆரோக்கியமுள்ள 280 பேரைப் பல பிரிவுகளாக்கி, ஒரு பிரிவினரைத் தமக்குச் சினமூட்டிய பழைய சம்பவமொன்றை எட்டு நிமிஷம் நினைக்கச் செய்து, பின் அவர்களுடைய குருதிக் குழாய்கள் விரிந்து கொடுக்கும் திறனை அளந்தனர். அத்திறன் சுமார் நாற்பது நிமிஷம்வரை குன்றியிருந்தது. கவலையையும் துக்கத்தையும் நினைத்தவர்களிடத்தில் அத்தகைய குறைவு தெளிவாகத் தோன்றவில்லை.

இந்தப் பரிசோதனையில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது, அங்கே பகைவன் எவனும் வரவில்லை என்பதே. வந்தது நினைவு மாத்திரம். உடம்புக்கு நேற்று இன்று என்னும் பேதம் தெரியாது; மனம் எதைக் கொண்டுவந்து முன்னே நிறுத்துகிறதோ, அதற்கு ஏற்பக் குருதியும் ஓமோனும் எழுகின்றன. அமெரிக்காவின் ஹோப் கல்லூரியைச் சேர்ந்த சார்லட் விட்விலியற் 2001 இல் இதையே வேறு வகையாகக் காட்டினார். 71 மாணாக்கரைக் கொண்டு, தமக்குத் தீங்கு செய்த ஒருவரை மனத்திலே கொண்டுவந்து, ஒருமுறை அத் தீங்கையே திரும்பத் திரும்ப நினைக்கவும் வன்மம் பாராட்டவும், மறுமுறை அம்மனிதனையும் ஒரு மானிடனாக எண்ணி அவன்மேல் இரக்கம் கொள்ளவும், பொறுத்துவிடவும் அவர் செய்தார். வன்மம் பாராட்டிய வேளையில் புருவத் தசைகள் இறுகின. தோலின் மின் கடத்துதிறன் உயர்ந்தது. இருதயத் துடிப்பும் குருதியமுக்கமும் ஏறின. எண்ணத்தை விட்டு இளைப்பாறும்படி சொல்லிய பின்னரும் அவற்றுட் பல உடனே தணியவில்லை. பொறுத்த வேளையில் இவை குறைவாகவே இருந்தன. ஒரு பரிசோதனைக்கூடத்தில் சில நிமிஷம் நிகழ்ந்தது இஃது என்றால், நாளுக்குப் பத்து முறை, ஆண்டுக்கு முந்நூற்றறுபத்தைந்து நாளும், முப்பது ஆண்டு நிகழுமாயின் அதன் பயன் என்னவாகும்? சூடு மிதித்து முடிந்த பின்னரும் நுகத்திலிருந்து அவிழ்க்கப்படாத எருதைப்போல, அபாயத்துக்கென்று எழுந்த உடம்பு அபாயம் நீங்கிய பின்னரும் பூட்டப்பட்டே நிற்கிறது. இவ்வாறு நாட்பட ஏறும் தேய்மானத்தை அமெரிக்க நரம்பியலறிஞர் புரூஸ் மக்கியுவன் 1990களில் விளக்கிக் காட்டினார்; உயர் குருதியமுக்கம், நித்திரைக் குறைவு, வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்தல், நீரிழிவு, நோயெதிர்ப்புச் சக்தியின் சீர்கேடு ஆகியவை அதன் விளைவுகளாகக் கருதப்படுகின்றன.

படுவான்கரையில் இத்தேய்மானத்துக்கு வைத்திய நூற்பெயர் யாரும் சொல்வதில்லை. தலையிடி என்பர், நெஞ்சு பாரம் என்பர், உடம்பு உளைவு என்பர், பெருமூச்சு என்பர். யாழ்ப்பாணத்தில் பல்லாண்டு பணிபுரிந்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், யுத்தத்தின் மனவடுக்களைப் பற்றி 1998 இல் வெளியிட்ட ஆங்கில நூலிலும் பிற கட்டுரைகளிலும், நம்மவரின் மனத்துயர் பெரும்பாலும் சரீர உபாதையாகவே வைத்தியர் முன்னிலைக்கு வருகிறது என்பதை விரித்துரைத்தார். துயரை மனத்தின் நோய் என்று சொல்லாமல் உடம்பின் நோவு என்று சொல்லும் மக்களை அறியாதவர் என்று எண்ணுவது பேதைமை. கனனும் மக்கியுவனும் ஆய்வுக்கூடத்தில் கண்டதை அவர்கள் தம் நெஞ்சாங்கூட்டிலே கண்டு சொல்கிறார்கள்.

இனி, மன்னித்தல் என்பதை ஆராய்ச்சியாளர் எவ்வாறு வரையறுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஏனெனில், இத்துறையிலே பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் இதனை ஆராய்ந்து வரும் ரொபர்ட் என்றைற், மன்னித்தலை நான்கு பொருள்களிலிருந்து கவனமாகப் பிரிக்கிறார். அது மறத்தலன்று, நடந்தது குற்றமேயன்று எனச் சமாதானம் சொல்லலன்று, தண்டனை வேண்டா என விட்டுக்கொடுத்தலன்று, தீங்கு செய்தவனோடு மீண்டும் கூடி வாழ்தலுமன்று. நடந்தது அநியாயம் என்பதையும், சினங்கொள்ளத் தமக்கு உரிமை உண்டு என்பதையும் முழுதாக ஒப்புக்கொண்ட ஒருவர், அச்சினத்தைத் தாமாகவே மெல்ல மெல்ல இறக்கி வைப்பதே அவர் கருதும் மன்னிப்பு. நீதிமன்றத்தில் வழக்கு நடத்திக்கொண்டே ஒருவர் மன்னிக்கலாம்; மன்னித்த பின்னரும் சாட்சி சொல்லலாம்.

இம்முறையில் நடந்த சிகிச்சைகளின் பயன் சில இடங்களில் வியப்புக்குரியது. உறவினரால் சிறு வயதிலே பாலியற் கொடுமைக்குள்ளான பன்னிரண்டு பெண்களைக் கொண்டு சுசான் பிரீட்மனும் என்றைற்றும் 1996 இல் வெளியிட்ட ஆய்விலே, தனித்தனியாக வாரந்தோறும் நடந்த சிகிச்சை சராசரி பதினான்கு மாதம் நீடித்தது. முடிவில் அவர்களுடைய மனச்சோர்வும் பதற்றமும் தணிந்தன. அச்சிகிச்சையின் முதற்படி பொறுமையைப் போதிப்பதாக இருக்கவில்லை. அடக்கி வைத்த சினத்தை வெளிக்கொணர்ந்து அதற்குப் பெயரிடுவதாகவே இருந்தது. இருதயக் குழாய் நோயுள்ள முன்னாட் படைவீரர்களை வைத்து 2009 இல் வெளிவந்த மற்றோர் ஆய்விலே, மன்னிப்புச் சிகிச்சை பெற்றவர்கள் பழைய சினத்தை நினைவுகூர்ந்தபோது இருதயத் தசைக்குச் செல்லும் குருதியோட்டம் முன்போல அத்துணைக் குறையவில்லை. எவரெற் வேதிங்ரன் என்னும் உளவியலறிஞர், மன்னிப்பை ஆராய்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1996 புத்தாண்டை ஒட்டி, வீடு புகுந்த கள்வரால் தம் தாயார் கொல்லப்பட்ட துயரைக் கண்டவர்; அவர் வகுத்த முறையைச் சுமார் மூன்று மணி நேரத்தில் தாமே செய்து முடிக்கத்தக்க பயிற்சி நூலாக்கி, கொலம்பியா, ஹொங்கொங், இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, உக்ரேன் ஆகிய இடங்களில் 4,598 பேரிடம் சோதித்த பெரிய ஆய்வு 2024 இல் வெளிவந்தது. வன்மமும், மனச்சோர்வும், பதற்றமும் குறைந்தன. குறைவு மிகப் பெரிதன்று. ஆயினும் பல நாடுகளிலும் பல சமயத்தாரிடையிலும் அது காணப்பட்டது என்பதே அதன் பெறுமதி.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். மன்னிக்கும் சுபாவமுள்ளோர்க்கு ஆரோக்கியம் மிகுதி என்று காட்டும் ஆய்வுகளுட் பல, இரண்டும் ஒருங்கே காணப்படுவதை மாத்திரம் காட்டுவன. ஆரோக்கியமும் வசதியும் நல்ல உறவுகளும் உள்ளவர்க்கு மன்னித்தல் எளிது என்று அவற்றைத் திருப்பியும் வாசிக்கலாம். படைவீரர் ஆய்வு போன்றவை மிகச் சிறியன. மேலும், நிபந்தனையின் விஷயம் ஒன்றுண்டு. அமெரிக்காவில் 66 வயதும் அதற்கு மேலும் ஆனோரைப் பற்றி லோரன் ரூசான் முதலியோர் 2012 இல் வெளியிட்ட ஆய்விலே, தீங்கு செய்தவர் வருந்திப் பிழை ஒப்பினால்தான் மன்னிப்போம் என்று இருந்தவர்களிடையே மரண விகிதம் கூடியிருந்தது. வருந்துவாரோ மாட்டாரோ என்று தெரியாத ஒருவருடைய வாய்ச்சொல்லுக்காக நம்முடைய இருதயத்தைக் காத்திருக்க வைப்பது அபாயம் என்பது இதன் சாரம். ஆனால், வருந்த வேண்டியவர் யாரென்றே பெயர் சொல்லப்படாத ஊர்களுக்கு இந்த முடிவு கொடுமையான ஒரு செய்தியாகவே போய்ச் சேரும்.

மன்னிப்பே கேடு விளைத்த இடங்களும் உள்ளன. புதுமணத் தம்பதிகளை நான்கு ஆண்டு தொடர்ந்து கவனித்த ஜேம்ஸ் மக்நல்ற்றி, துணையின் கொடுஞ்செயல்களை எளிதில் மன்னித்தவர்கள்மீது அச்செயல்கள் குறையாமல் தொடர்ந்தன என்று 2011 இல் காட்டினார். இன்னும் பெரிய பாடம் சியரா லியோனிலிருந்து வருகிறது. அந்நாட்டின் உள்நாட்டு யுத்தம் முடிந்த பின், இருநூறு கிராமங்களைத் தேர்ந்து, அவற்றுட் சிலவற்றில் பாதிக்கப்பட்டோரும் தீங்கிழைத்தோரும் ஊரார் முன்னிலையில் நடந்ததைச் சொல்லி மன்னிப்பைக் கேட்டும் கொடுத்தும் செய்யும் சடங்குகள் நடத்தப்பட்டன. அதனை ஆராய்ந்து சிலியேர்ஸ், டூபே, சித்தீக்கி ஆகிய மூவர் 2016 இல் வெளியிட்ட முடிவு இரு முகம் கொண்டது. மன்னிப்பு வளர்ந்தது, அயலாரோடு உறவு பெருகியது, ஊர்ப் பொதுக்காரியங்களுக்கு மக்கள் கூடுதலாக உதவினர். அதே வேளையில், மனச்சோர்வும், பதற்றமும், மனவடுவின் நோயும் அதிகரித்தன. அவ்விளைவு முப்பத்தொரு மாதங்களுக்குப் பின்னும் மாறவில்லை. பழைய புண்ணைத் திறந்துவிட்டு, மருந்து கட்ட எவரும் தங்கி நில்லாமல் புறப்பட்டுப்போன சமாதானம் அது. தென்னாபிரிக்காவில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் காலத்தில் கொடுமைக்குள்ளான 134 பேரைப் பரிசோதித்து 2001 இல் வெளிவந்த ஆய்வும் இதற்கு அணித்தானது: மன்னிக்க இயலாதவரிடத்தில் உளநோய் மிகுதியாயிருந்தது உண்மை, ஆனால், ஆணைக்குழு முன் சாட்சியமளித்ததனால் மாத்திரம் எவருக்கும் நோய் குறைந்ததாகக் காணவில்லை.

இம்முடிவுகளை ஒருங்கு வைத்து நோக்கும்போது, மட்டக்களப்புப் பிரதேசத்தார் நெடுங்காலமாகச் செய்துவரும் ஒரு சடங்கின் ஒழுங்கு சிந்தைக்கு வருகிறது. காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் முதலிய ஊர்களிலுள்ள கண்ணகை அம்மன் கோயில்கள் வைகாசி மாதத்திலே கதவு திறந்து விழாக் காண்பன. வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலில் போற்றும் இவ்வழிபாட்டிலே, கண்ணகி வழக்குரை பல நாட்களாகப் படிக்கப்படும். கோவலன் கொலையுண்டதும், அவள் சிலம்போடு சென்று பாண்டியன் அவையில் வழக்குரைத்ததும், அரசன் தன் பிழை உணர்ந்து மாண்டதும், மதுரை எரிந்ததும் ஒன்றும் விடாமல் சொல்லப்படும். அதன் பின்னரே, இறுதி நாளிலே, அம்மனின் சினம் தணியும்படி குளிர்த்தி பாடப்படுகிறது. சிங்கள மக்களும் இதே தேவியைப் பத்தினி என்று வழிபட்டு வருகிறார்கள் என்பதை மானிடவியலறிஞர் கணநாத் ஒபேசேகர 1984 இல் வெளியிட்ட பெருநூலில் விரித்துக் காட்டினார். சடங்கை நாம் சிகிச்சை என்று சொல்லவில்லை; அதனைக் கருவி கொண்டு அளந்தவர் இலர். ஆயினும், அங்கே குளிர்த்தி முதல் நாள் பாடப்படுவதில்லை என்பது கருதத்தக்கது. அநியாயம் முழுவதும் ஊர் கேட்க உரைக்கப்பட வேண்டும்; பிழை செய்தவன் அரசனேயாயினும் பிழை என்றே சொல்லப்பட வேண்டும்; சினங்கொண்டவளைக் குற்றவாளியாக்காமல் தெய்வமாகவே வைத்து வணங்க வேண்டும்; தணிப்பது அதற்குப் பிறகு, அதுவும் ஊரார் எல்லாரும் கூடி நின்று, ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும். பிரீட்மனுடைய சிகிச்சையின் முதற்படியும் இவ்வாறு அநியாயத்தையும் சினத்தையும் வெளிப்படச் சொல்லுதலே. சியரா லியோனில் விடுபட்டது அந்த நெடுங்காலத் துணையே.

1990களின் யுத்த காலத்தில் மட்டக்களப்பின் அம்மன் கோயில்களை ஆராய்ந்த பற்றீசியா லோரன்ஸ், காணாமற்போனவர்களைத் தேடிய தாய்மார், வேறெங்கும் வாய் திறக்க முடியாத நாட்களில், உருவேறி வாக்குச் சொல்வோரிடம் சென்று தம் துயரைச் சொல்லி அழுததை எழுதினார். 1996 இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிலே, யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் பல இனத்துச் சிறுவரை ஒன்றாக விளையாடவும், சித்திரம் தீட்டவும், கதை சொல்லவும் விட்டனர். மன்னியுங்கள் என்னும் போதனையை முன்வைக்காமல், துயருக்கு மொழியும் துணையும் கொடுத்த இம்முயற்சிகளே, இன்றைய ஆராய்ச்சியின் நோக்கிலும் சரியான வழியிற் சென்றவை.

கொக்கட்டிச்சோலையின் வழக்கு என்னவாயிற்று என்பதும் பதிவிலுள்ளது. 1991 படுகொலைபற்றிய ஆணைக்குழுவின் விசாரணைக்குப் பின் கூடிய இராணுவ நீதிமன்றம், படையினரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து, அதிகாரி ஒருவரை மாத்திரம், படையினரைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காகவும் சடலங்களை முறைகேடாக அகற்றியமைக்காகவும் குற்றவாளியெனக் கண்டு பதவி நீக்கிற்று. அங்கே உயிர் பிழைத்தவர்களுக்கு இன்று வயது முதிர்ந்துவிட்டது. நீதி வரும்வரை அவர்களுடைய இருதயம் காத்திருக்க வேண்டும் என்று சொல்வதும் அநீதி. இருதயம் காத்திராது, ஆகையால் நீதியைக் கேளாதிருங்கள் என்று சொல்வதும் அநீதி. இரண்டுக்கும் நடுவே விஞ்ஞானம் திறந்து காட்டும் வழி உண்டு. படுவான்கரையில் ஒரு மூதாட்டியின் குருதியமுக்கத்தை அளக்கும் வைத்தியர், மாத்திரை எழுதுவதோடு நில்லாமல், அவள் சொல்ல விரும்பினால் அவளுடைய கதையை இருந்து கேட்க வேண்டும். ஒரு நாள் கேட்டுவிட்டுப் போய்விடாமல், மாதந்தோறும் கேட்க வேண்டும். கேட்ட பின்னரும், மன்னித்துவிடு என்று அவளுக்குச் சொல்லாதிருக்க வேண்டும். சினத்தை இறக்கி வைப்பது அவளாகவே, தனக்கு இசைந்த நேரத்தில், தன் சரீர சுகத்துக்காகச் செய்துகொள்ளும் காரியம். விசாரித்து உண்மையை உரைப்பது அரசு தாமதமின்றிச் செய்ய வேண்டிய கடமை. முன்னதைக் காட்டிப் பின்னதைத் தள்ளிப்போடுவதற்கு, இதுவரை நடந்த ஆராய்ச்சி எதுவும் இடங்கொடுக்கவில்லை.